பெரிய வெள்ளியில் மங்கிய நட்சத்திரம்

என் தங்கச்சி அனஸ்தாசியாவுக்குக் களைப்பு என்பது வந்து போகிற விருந்தாளி இல்லை. அவளோடேயே குடியிருக்கிறது. விடியக்காலை எங்கள் ஊர் பள்ளிவாசல்துறையில் பஸ் ஏறி, பாலாவியில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு வெயிலில் காய்ந்து நின்று, முந்தலுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறாள். பின்னேரம் அதே வழியால் திரும்புகிறாள். பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவர்களின் உடுப்பில் இறால் பண்ணை மணக்கிறது என்று வந்து புறுபுறுப்பாள். மீன்பிடிகாரன் வீட்டில் பிறந்தவளுக்கு இறால் மணம் பிடிக்காதாம், கேளுங்கள் கதையை. நான் அவளுடைய அண்ணன் கிளைட்டன். கடலில் கணவாய் பிடிக்கிறவன். எனக்கும் முழங்கால் இரண்டும் போய்விட்டது, ஆனால் இது என்னுடைய கதை இல்லை.

அவளுடைய புருசன் மார்படைப்பில் போன பிறகு வீட்டில் அவள் தனி. ஒரே மகள் சுஜாந்தி கல்யாணம் முடித்து இத்தாலியில் இருக்கிறாள். அம்மா பின்னேரங்களில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாளே என்று கவலைப்பட்டு, அங்கிருந்து ஒரு தொலைநோக்கியை அனுப்பினாள். கூடவே அதில் பூட்டுகிற கமெராவும் வந்தது. பெட்டியைத் திறந்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கடற்கரையில் இருக்கிற தாய்க்கு மகள் அனுப்புகிற சாமானா இது? மாமனுக்கு ஒரு நல்ல என்ஜினாவது அனுப்பியிருக்கலாம் என்று வாய்விட்டே சொன்னேன். அனஸ்தாசியா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. கட்டி முடிக்காத மேல்மாடியின் வெறும் கொங்கிரீட் தட்டில், கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கிற மூலையில் அதைப் பூட்டினாள்.

முதலில் சந்திரன், பிறகு சனிக்கிரகத்தின் வளையம் என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். அதோடு விட்டிருந்தால் நிம்மதி. இன்டர்நெட்டில் ஒரு கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தாள். உலகம் முழுக்கச் சின்னத் தொலைநோக்கி வைத்திருக்கிற ஆட்கள் அதில் இருக்கிறார்கள். வானத்தில் சுற்றுகிற பெரிய தொலைநோக்கி ஒன்று ஏதாவது நட்சத்திரம் கொஞ்சம் மங்கி மறுபடி பிரகாசமாவதைக் கண்டால், அது உண்மையிலேயே ஒரு கோள் குறுக்கே போனதாலா, வேறு காரணமா என்று இவர்கள் தரையிலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு அவள் இப்படித்தான் விளங்கப்படுத்தினாள். ஒரு போட்டில் பெரிய விளக்கும் சின்ன விளக்கும் பக்கத்தில் பக்கத்தில் எரிகிறது. கரையில் நிற்கிறவனுக்கு இரண்டும் சேர்ந்து ஒரே வெளிச்சம். அந்த வெளிச்சம் ஒரு பொட்டு மங்கினால் எந்த விளக்குக்கு முன்னால் பூச்சி பறந்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குக் கிடைத்ததும் அப்படி ஒரு சோடி நட்சத்திரம். சில நாளுக்கு ஒரு முறை அது மங்குகிறது. மங்குவது பெரிய நட்சத்திரம் என்றால் வியாழனைப் போல ஒரு இராட்சதக் கோள் அதைச் சுற்றுகிறது. சின்னது என்றால், அது நிறைய மறைபட்டால்தான் அவ்வளவு மங்கும். ஒரு கோளால் அவ்வளவு மறைக்க முடியாது, ஆகவே அங்கே கோளே இல்லை, வேறொரு மங்கல் நட்சத்திரம்தான் குறுக்கே போகிறது.

"நீ ஏன் இதைப் பாக்கோணும்? வேற ஆக்கள் இல்லையா?" என்று கேட்டேன்.

"இது மங்குற நேரத்தில ஆப்பிரிக்காவில வெயில், அவுஸ்திரேலியாவில இந்த நட்சத்திரம் மறைஞ்சிட்டுது. இந்தியாவில எங்கட கூட்டத்து ஆக்கள் ஒருத்தரும் இதைப் பாக்கல்ல. மிச்சமெல்லாம் கடல்தான் அண்ணா. கடலுக்கு நடுவில நாங்கதான்."

அதைச் சொல்லும்போது மட்டும் அவளுடைய முகத்தில் களைப்பு இருக்கவில்லை. எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது, நான் காட்டிக்கொள்ளவில்லை.

பொழுது பட்டதும் அந்தச் சோடி மேற்கே, கடலுக்கு மேலே நிற்கும். மறையும் மட்டும் அவள் படம் எடுப்பாள். கமெராவில் இரண்டும் தனித்தனியே தெரியும், ஒவ்வொன்றின் வெளிச்சத்தையும் கம்ப்யூட்டர் அளக்கும். மங்க வேண்டிய நாளில் மட்டும்தான் மேலே ஏறுவாள். மற்ற நாளில் கொப்பி திருத்தவும் உலை வைக்கவும் நேரம் காணாது. இன்னொன்றும் இருக்கிறது. சனிக்கிழமை பொழுது பட்டால் ஞாயிறு பொழுது படும் வரைக்கும் எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை, வலையைத் தொடுவதில்லை. ஞாயிறு ஆண்டவருடைய நாள். எங்களைப் பெற்ற ஐயா அதில் வலு கண்டிப்பு. அனஸ்தாசியா டீச்சரான பிறகும் அந்த ஒழுங்கை விடவில்லை. தொலைநோக்கியும் தொழில்தானே என்று சனிக்கிழமைகளில் அதைத் தறப்பாளால் மூடிவிட்டுச் செபமாலைக்குப் போய்விடுவாள். மங்கல் சனியில் விழுந்தால் அந்தச் சனி போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

இப்படி இரண்டு பருவம் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் ஒரே முடிவு. மங்குவது சின்னது. இந்த வருசம் தவக்காலம் தொடங்கியபோது, அந்தக் கூட்டத்துக்குத் தலைமையாய் இருக்கிற வெளிநாட்டு மனுசிக்கு, 'இங்கே கோள் இல்லை' என்று தன் கையாலேயே எழுதி அனுப்பினாள்.

அனுப்பின அன்றைக்கு நான் மீன் கொண்டுபோய்க் கொடுக்கப் போயிருந்தேன். குசினியில் கதிரையில் குந்திக்கொண்டு சும்மா இருந்தாள். விளக்குப் போடவும் இல்லை.

"இல்லாததை இல்லை எண்டு சொல்றதும் ஒரு வேலைதானாம், நன்றி சொல்லி எழுதியிருக்கிறாங்க" என்றாள். "ஆனா எனக்குப் போதும் அண்ணா. வாழ்க்கையில ஒண்டே ஒண்டு, இது இருக்கு, நான் கண்டன் எண்டு சொல்ல ஆசைப்பட்டன். அதுவும் இல்லை."

ஆறுதலாய் ஏதாவது சொல்லியிருக்கலாம். மீனைச் சுத்தப்படுத்தி வை, பழுதாகப் போகுது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு வருகிற ஆறுதல் அவ்வளவுதான்.

பிறகு அவள் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு எடுத்துக்கொண்டு இத்தாலிக்கு வருவதாகச் சுஜாந்திக்குச் சொல்லிவிட்டாள். தொலைநோக்கியை வாங்கச் சிலாபத்தில் ஒரு ஸ்டூடியோக்காரன் தயாராய் இருந்தான். ஈஸ்டர் கழிந்து வருகிறேன், அதற்கு முதல் சாமான் வேலை செய்கிறதா என்று புதுப் படம் ஒன்று எடுத்து அனுப்புங்கள் என்று அவன் பெரிய வெள்ளிக்கிழமை பார்த்தா கேட்க வேண்டும்? கிறிஸ்தவனாய் இருந்தால் கேட்டிருக்க மாட்டான்.

பெரிய வெள்ளியன்று ஊரே சிலுவைப்பாதை முடித்து, திருச்சிலுவையை முத்தமிட்டு, வெறும் வயிற்றோடு வீட்டுக்கு வந்து படுத்துக் கிடந்தது. போட்டெல்லாம் மணலில் கிடந்தது. எங்கள் துறைக்கு முன்னால் கடலில் ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை. பெரிய வெள்ளியில் எங்கள் ஊரில் ஊசி நூலும் எடுக்க மாட்டார்கள். அனஸ்தாசியா மனசுக்குள் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் தறப்பாளை இழுத்திருக்கிறாள். ஒரு படம் எடுத்து அந்த ஸ்டூடியோக்காரனின் வாயை அடைத்தால் போதும் என்று நினைத்தாளாம். கை பழகின பழக்கத்துக்குத் தொலைநோக்கியை அதே சோடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. கமெராவைத் தட்டிவிட்டு, நோன்பு அலுப்பில் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டாள். கமெரா தன்பாட்டில் எடுத்துக்கொண்டே போனது.

அடுத்த நாள் காலை என் வீட்டுக்கு ஓடி வந்தாள். ஓடி என்றால் நிசமாகவே ஓடி. அவள் ஓடி நான் கண்டு கன காலம். கையில் லெப்டொப்.

"அண்ணா, நேத்தும் அது மங்க வேண்டிய நாள்தான். நான் மறந்தே போனன். இஞ்ச பாருங்க. சின்னது அசையவே இல்லை. பெரிசுதான் மங்கியிருக்கு. துப்பரவாய், அழகாய் மங்கியிருக்கு."

எனக்கு இரண்டு கோடு தெரிந்தது. மேலே இருந்ததில் மெத்தையில் ஆள் இருந்து எழும்பினதுபோல ஒரு பள்ளம். கீழே இருந்தது நேராகப் போனது.

"அப்ப முந்திப் பாத்ததெல்லாம்?"

அவள் வாசல் படியில் குந்திக் கடற்கரையைப் பார்த்தாள். மணலில் போட்டுகள் வரிசையாய்க் கிடந்தன. என்னுடையதும் கிடந்தது, கணவாய்க்குப் போடுகிற எல்.ஈ.டி. வெளிச்சங்கள் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டு. பார்த்துக்கொண்டே இருந்தவள் தலையில் கையை வைத்தாள்.

"ஐயோ அண்ணா. நேத்து நீங்க ஒருத்தரும் கடலுக்குப் போகல்ல."

பிறகு அவளே ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டு போனாள். பொழுது பட்டதும் நாங்கள் கடலில் வெளிச்சம் போடுகிறோம். அந்த வெளிச்சம் கடலுக்கு மேல் நிற்கிற புகார் மூட்டத்தில் பட்டு வானத்தின் அடிப்பக்கம் வெளுக்கிறது. கம்ப்யூட்டர் அந்த வெளுப்பைக் கணக்கில் கழிக்கும்போது, வெளுப்புக் கூடின பக்கத்தில் நின்ற சின்ன நட்சத்திரத்தின் வெளிச்சத்தையும் சேர்த்துக் கழித்திருக்கிறது. அதனால்தான் அது மங்கினதாய்க் காட்டியது. மங்காத நாளில் பார்த்திருந்தாலும் அப்படியேதான் காட்டியிருக்கும், ஆனால் அவள் பார்க்கவில்லை. பெரியதின் சின்ன மங்கல் அந்தக் குழப்பத்துக்குள் அமுங்கிப்போனது. கடல் இருட்டாய்க் கிடப்பது சனிக்கிழமைகளில் மட்டும். அன்றைக்கு அவளும் தறப்பாளால் மூடிவிட்டுக் கோவிலில் இருக்கிறாள். நாங்கள் ஓய்ந்த நாளில் அவளும் ஓய்ந்தாள், நாங்கள் தொழிலுக்குப் போன நாளில் அவளும் தொழிலுக்குப் போனாள். வெளிச்சமில்லாத கடலை அவள் ஒரு நாளும் அளக்கவே இல்லை. வேறு எந்த ஊர்க்காரிக்கும் இப்படி ஒரு பிழை வந்திருக்காது.

"கடற்கரையில பிறந்து வளந்தவள் நான். இது எனக்கு விளங்காமப் போச்சே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். "இருக்கிற ஒண்டை இல்லை எண்டு எழுதிப் போட்டன் அண்ணா."

அன்றைக்கே அவள் அந்த மனுசிக்கு எல்லாவற்றையும் எழுதினாள். என் அளவுகள் பிழை, கணவாய்ப் போட்டுகளின் வெளிச்சம் என்று ஒளிக்காமல் எழுதினாள். பாஸ்கு ஞாயிறு பூசை முடிந்து வரும்போது பதில் வந்திருந்தது. கோபிக்கவில்லை. ஆனால் ஒரு மாலைப் படத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, இன்னொரு முறை அதே மாதிரி மங்கிக் காட்டினால் பெரிய தொலைநோக்கி பார்க்கிற பட்டியலில் அதைச் சேர்க்கலாம், இல்லாவிட்டால் விட்டது விட்டதுதான் என்று இருந்தது. அடுத்த மங்கல் வருகிற செவ்வாய்க்கிழமை பின்னேரம். அதற்குப் பிறகு அந்தச் சோடி சூரியனுக்குக் கிட்டப் போய் வெயிலுக்குள் மறைந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை. கணவாய் படுகிற கடைசிக் காலம். கச்சான் என்கிற மேல்காற்று எழும்பினால் எங்கள் தொழில் அதோடு சரி.

"நான் கேக்க மாட்டன்" என்றாள். "பிள்ளை குட்டிக்காரர். வானத்தில ஒரு பொட்டு மங்குறதுக்காக வெளிச்சத்தை நிப்பாட்டுங்க எண்டு எந்த வாயால கேக்குறது?"

"நீ கேக்காட்டி நான் கேக்குறன்" என்று கத்தினேன். "இத்தினை வருசம் களைச்சுக் களைச்சு அந்தத் தட்டில ஏறினியே, அது ஆருக்காக?"

திங்கட்கிழமை கரையில் வைத்துக் கேட்டேன். சிரித்தார்கள். ஜெயந்தன் என்னோடு ஒரே மீன் வாடியில் தொழில் செய்கிறவன், வாய் பெரிது.

"கிளைட்டன் அண்ணன், நட்சத்திரத்துக்கும் நாங்கதான் இடைஞ்சலா? இவ்வளவு நாளும் நேவிக்குத்தான் இடைஞ்சல் எண்டு நினைச்சன்."

"நட்சத்திரம் மறையும் மட்டும் பொறுங்கடா. பிறகு போய் விடிய விடியப் பிடிங்க."

"கணவாய் பொறுக்குமா?"

எனக்குக் கெஞ்சத் தெரியாது. மணலைக் காலால் கிண்டிக்கொண்டு நின்ற ஜெயந்தன், "என்ட மூத்தவன் கணக்கில பாஸானது டீச்சராலதான். சரி, மறைஞ்சதும் டோர்ச் அடிச்சுக் காட்டுங்க. அதுக்கு மிஞ்சி ஒரு நிமிசமும் நிக்க மாட்டன்" என்றான். அவன் சரி என்றதும் மற்றவர்களும் புறுபுறுத்துக்கொண்டு சரி என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்தவள் தேத்தண்ணீரும் குடிக்காமல் மேலே ஏறினாள். நான் கரையில் நின்றேன். போட்டுகள் தண்ணீரில் கட்டிக் கிடந்தன, ஆட்கள் உள்ளே சுருண்டு படுத்திருந்தார்கள். வானத்தில் ஒரு முகில் இல்லை. எல்லாம் சரியாய்ப் போகிறது என்று நான் நினைத்த நேரம் பார்த்து, நேர் மேற்கே கடலில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் எரிந்தது.

எங்கள் துறைப் போட் இல்லை. அயல் ஊர் எத்தாளைப் பக்கத்தால் வந்தது. அவர்களுக்கு யார் சொன்னது? நான் எங்கள் ஆட்களோடு கதைத்ததோடு வேலை முடிந்தது என்று நின்றுவிட்டேன், மடையன். முழங்கால் வலியைப் பார்க்காமல் என் போட்டை அவிழ்த்து, வெளிச்சம் போடாமலே என்ஜினைக் கிளப்பிக்கொண்டு போனேன். பின்னால் ஜெயந்தன், "அண்ணன், பாத்து, பாத்து!" என்று கத்துவது கேட்டது.

கிட்டப் போனதும் ஆளைத் தெரிந்தது. எத்தாளை றிம்ஸான். சந்தையில் காண்கிற ஆள், மூத்தவர்களைக் காக்கா என்று கூப்பிடுகிற முஸ்லிம் பொடியன்.

"தம்பி, லைட்டை நூரு! கொஞ்ச நேரத்துக்கு நிப்பாட்டு!"

"என்ன காக்கா, நேவி வாறாங்களா?"

"இல்லையடா. எங்கட டீச்சர் ஒரு நட்சத்திரத்தைப் பாக்குறா. உன்ட வெளிச்சம் அதைக் கெடுக்குது."

சொன்ன எனக்கே அது விசர்க்கதை போலத்தான் கேட்டது. றிம்ஸான் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு எட்டி ஒயரைப் பிடுங்கினான். கடல் இருண்டது.

"முந்தலுக்குப் போற டீச்சரா? எங்கட தங்கச்சிட மகளுக்கும் அவதான் படிச்சுக் குடுக்குற. நேத்தே செல்லி அனுப்பியிருக்கலாமே காக்கா, நான் கடலுக்கே வந்திருக்க மாட்டேன்" என்றான். இரண்டு போட்டும் பக்கத்தில் பக்கத்தில் ஆடிக்கொண்டு கிடந்தன. அவன் போத்தலிலிருந்து எனக்குக் கொஞ்சம் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தான். இருட்டுக்குள்ளேயே குடித்தோம். மேற்கே எந்த நட்சத்திரம் அது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவற்றில் ஆகக் கீழே நின்ற ஒன்றைப் பார்த்து, மங்கித் தொலை, மங்கித் தொலை என்று மனசுக்குள் கெஞ்சினேன். கெஞ்சத் தெரியாது என்று சொன்னவன்தான்.

அந்தப் பக்கத்து நட்சத்திரமெல்லாம் அடிவானத்தில் இறங்கின பிறகு அனஸ்தாசியா வீட்டுத் தட்டிலிருந்து டோர்ச் வெளிச்சம் ஒன்று ஆடியது. அவளே அடித்துக் காட்டினாள். கரையில் என்ஜின்கள் ஒன்றன் பின் ஒன்றாய்க் கிளம்பின. நான் திரும்பிப் போய், படியில் குந்திக் குந்தி மேலே ஏறினேன். அனஸ்தாசியா லெப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு வெறும் தட்டில் இருந்தாள்.

"மங்கிச்சா?"

"ஓம்."

"எது?"

"கொஞ்சம் பொறுங்க. ஒரு வெளிச்சம் வந்து நடுவில சில படம் பழுதாய்ப் போச்சு. அதைத் தள்ளிப்போட்டுப் பாக்கோணும்." அவள் திரும்பவும் திரையில் குனிந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். முழங்காலை நீட்ட முடியவில்லை. எவ்வளவு நேரம் போனதோ தெரியாது, எனக்குக் கண் சொக்கிவிட்டது. எழும்பிப் பார்த்தால் விடிய வந்துவிட்டது, தலைக்குக் கீழே அவளுடைய சால்வை மடித்து வைத்திருந்தது. ஆளைக் காணவில்லை.

இறங்கி றோட்டுக்குப் போனேன். பஸ் நிற்கிற இடத்தில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். கண் இரண்டும் வீங்கிக் கிடந்தது.

"இண்டைக்கும் பள்ளிக்கூடமா? லீவு போடேலாதா உனக்கு?"

"சோதனை நடக்குது. பிள்ளையள் பாவம்."

"எழுதிட்டியா?"

"எழுதிட்டன்."

"என்ன எண்டு?"

பஸ் வருகிற சத்தம் கேட்டது. அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"இருக்கு எண்டு. பெரிசுதான் அண்ணா. ரெண்டு முறையும் பெரிசுதான். கோள் இருக்கு" என்றாள். சொல்லும்போதே அழுதாள், அழுகையைத் துடைக்கவும் நேரமில்லாமல் ஓடிப்போய் ஏறினாள்.

சிலாபத்து ஸ்டூடியோக்காரனுக்கு நானே போன் எடுத்து, சாமான் விற்பனைக்கு இல்லை, இனிமேல் பெரிய வெள்ளியில் யாரிடமும் படம் கேட்காதே என்று சொல்லி வைத்தேன். அவளைக் கேட்கவில்லை. பஸ் அன்றைக்கும் நிறைந்துதான் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியேதான் முந்தலுக்குப் போனாள்.